கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்தணும்

கல்யாணமான புதிதில் எனக்கு இரண்டு வீட்டுக்காரர்கள். ஒருவர் மாசம் பிறந்ததும் வாடகை வாங்க வந்து நிற்பார். இன்னொருவர் அதைக் கொடுக்கச் சம்பளத்தை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். மாற்றல் மாற்றலாக 11 வாடகை வீடுகள் ஏறி இறங்கியாயிற்று. பிறகு சொந்தமாக ஒன்று கட்டி, மாடியை வாடகைக்கு விட்டு 16 வருஷம் ஆகிறது. இரண்டு பக்கமும் நின்றவள் என்று தெரிந்துதானோ என்னவோ, இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி, வீட்டை வாடகைக்கு விடுவது பற்றியே. மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அம்மா காலமான பிறகு அவர் இருந்த வீடு ஒன்றரை வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. வாடகைக்கு விடலாம் என்றிருக்கிறோம். அடுத்த வாரம் பெயின்ட் அடிக்க ஆள் வருகிறார். எந்த நிறம் அடித்தால் சீக்கிரம் ஆள் கிடைக்கும்?

பதில்: முதலில் பெயின்டருக்குப் போன் போட்டு இன்னும் 2 வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். பெயின்ட் கடைசி வேலை. அதை முதலில் செய்துவிட்டால், அப்புறம் பிளம்பர் வந்து உடைப்பார், எலெக்ட்ரீஷியன் வந்து தோண்டுவார், புதுச் சுவரில் அவர்களுடைய கைரேகை நிற்கும்.

அந்த 2 வாரத்தில் ஓர் இரவு அந்த வீட்டில் போய்ப் படுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். போர்வையும் தலையணையும் எடுத்துக்கொண்டு போய், ராத்திரி குளித்து, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு, தூங்கி, காலையில் கிளம்பி வாருங்கள். பகலில் சாவியோடு போய்ச் சுற்றிப் பார்ப்பது வேறு, குடியிருந்து பார்ப்பது வேறு.

எங்கள் மாடிக்கு முதலில் வந்த குடித்தனக்காரப் பெண்ணிடம் சாவியைக் கொடுத்த அன்று வாசலில் நின்றபடியே சொல்ல ஆரம்பித்தேன். “குளியலறைக் கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்தணும். சமையலறைக் குழாயை ரொம்ப இறுக்காதே, இறுக்கினால் சொட்டும். நடு அறை சுவிட்சை இரண்டு தரம் போடணும். ஃப்ளஷை அழுத்திவிட்டுப் பிடியை ஒரு தடவை மேலே தூக்கிவிடு, இல்லாவிட்டால் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்...” அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆன்ட்டி, ஒரு நோட்டு எடுத்துட்டு வந்துடறேன், மறுபடி முதல்லேருந்து சொல்றீங்களா?” என்றாள். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. மேலும் கீழுமாக நாங்களே புழங்கிப் பழகிய கோளாறுகள் எனக்குக் கோளாறாகவே தெரியவில்லை. அன்றைக்கு ஏற்பட்ட பழக்கம், வீட்டைக் காலி செய்துவிட்டு யாராவது போனால் முதலில் ஒரு தாளை எடுத்து, அடுத்து வருபவரிடம் என்னென்ன ‘இப்படிச் செய்யணும், அப்படிச் செய்யணும்’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது என்று எழுதுவேன். அந்தத் தாள்தான் ரிப்பேர் பட்டியல்.

அந்தக் கதவையே எடுத்துக்கொள்ளுங்கள். மேல் கீலின் திருகாணிகள் மரத்தில் பிடிப்பில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. அதனால் கதவு தொங்கி, கீழ் மூலை தரையில் உரசியது. திருகாணியைக் கழற்றி, அந்த ஓட்டையில் மரப் பசையைத் தடவி, நாலைந்து தீக்குச்சிகளை மருந்தைக் கிள்ளிவிட்டுச் செருகி, துருத்திக்கொண்டிருந்ததை ஒடித்து, பசை காய்ந்ததும் கொஞ்சம் நீளமான திருகாணியாகப் போட்டார் தச்சர். வேலை அரை மணி நேரம்கூட இல்லை. 6 வருஷம் அந்தக் கதவைத் தூக்கித் தூக்கிச் சாத்தியிருக்கிறோம்.

ஒன்றரை வருஷம் பூட்டிக் கிடந்த வீடு என்பதால் உங்களுக்குத் தனியாகச் சில விஷயங்கள். கதவைத் திறந்ததும் சாக்கடை நாற்றம் அடித்தால் பயந்துபோய்க் குழாயை மாற்றச் சொல்லிவிடாதீர்கள். குளியலறைத் தரையிலும் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழேயும் வளைந்த குழாய் ஒன்று இருக்கும். அதில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் கீழிருந்து வரும் வாயுவைத் தடுக்கிறது. யாரும் புழங்காத வீட்டில் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். நாற்றமும் கரப்பானும் அந்த வழியாகத்தான் ஏறி வருகின்றன. ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். ஆள் வருவதற்கு இன்னும் மாசக்கணக்கில் ஆகும் என்றால் மேலாக இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டு வையுங்கள், ஆவியாவது குறையும்.

குழாய்களை எல்லாம் திறந்து, தேங்கிக் கிடந்த தண்ணீரை ஓடவிடுங்கள். ஷவரைத் திறக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு நீங்கள் வெளியே வந்துவிடுங்கள். வெதுவெதுப்பாகத் தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும்; திவலையாக மூச்சில் போனால் நுரையீரலைப் பிடிக்கும். தொட்டி வைத்த ஹீட்டர் என்றால் 60 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக விட்டு, அந்தத் தண்ணீரை ஓட்டிவிட்டுப் பிறகு புழங்குங்கள்.

படுக்கப்போகும் முன் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும், ஒரு சொட்டும் புழங்குவதற்கு முன், மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் ஃப்ளஷ் டேங்க்தான் திருடன். டேங்கில் கொஞ்சம் சாயத்தைக் கரைத்துவிட்டு அரை மணி நேரம் யாரும் அழுத்தாமல் இருந்தால், கோப்பையில் நிறம் இறங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

மின்சாரம். போர்டில் ‘டெஸ்ட்’ என்று ஒரு பொத்தான் வைத்த சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் மேல் 30 மில்லிஆம்பியர் என்று எழுதியிருக்கும். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இல்லாமல் கொஞ்சம் கசிந்தாலும், அதாவது யார் உடம்பு வழியாவது தரைக்கு இறங்கினாலும், அது உடனே விழுந்து இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பொத்தானை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அது அலங்காரத்துக்கு இருக்கிறது என்று அர்த்தம். அதையும், ஹீட்டரை 20 நிமிஷம் ஓடவிட்டு அணைத்த பிறகு தொட்டால் சூடாக இருக்கிற ப்ளக் பாயின்ட் எதுவோ அதையும், எலெக்ட்ரீஷியனை அழைத்து மாற்றாமல் யாரையும் குடிவைக்காதீர்கள்.

கேஸில் ஓடும் வாட்டர் ஹீட்டர் குளியலறைக்கு உள்ளேயே மாட்டியிருக்கிறதா? இந்த ஒரு விஷயத்தில் மட்டும் செலவைப் பார்க்கவே கூடாது. மூடிய அறையில் அது சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, மணமில்லை. குளிக்கப் போனவர் மயங்கிச் சரிவார், கதவு உள்ளே தாழிட்டிருக்கும். அதை வெளியே மாற்றுங்கள் அல்லது கழற்றுங்கள்.

நிறம் கேட்டிருந்தீர்கள். இளம் நிறம் எதுவானாலும் சரி. கேட்க வேண்டியது பளபளப்பு எவ்வளவு என்று. பளபளப்பே இல்லாத பெயின்ட் சுவரின் மேடு பள்ளத்தை மறைக்கும், ஆனால் துடைத்தால் துடைத்த இடம் தெரியும். லேசான பளபளப்பு உள்ளது துடைக்கத் தாங்கும், மேடு பள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும். சமையலறைக்கும் நடைக்கும் இரண்டாவது, மற்ற அறைகளுக்கு முதலாவது. டப்பாவின் மேல் உள்ள நிற எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். வெள்ளை என்றால் ஒரே வெள்ளைதானே என்று அடுத்த தடவை வேறு டப்பா வாங்கிப் பொட்டு வைத்தால், பகல் வெளிச்சத்தில் அந்தப் பொட்டு மட்டும் உங்களைப் பார்த்துச் சிரிக்கும். அம்மா வீடு பழைய கட்டடம் என்றால் இன்னொன்று. பழைய பெயின்டில் ஈயம் இருந்திருக்கலாம். உலர வைத்துத் தேய்த்துத் தூள் பறக்கவிட வேண்டாம், நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு அந்தத் தூள் ஆகவே ஆகாது.

கேள்வி: படுக்கையறைச் சுவரில் மூலையில் ஈரத் திட்டு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறார்கள். அதன் மேல் ஒரு கோட் அடித்துவிட்டு அலமாரியை நகர்த்தி வைத்துவிடலாம் என்கிறார் என் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை.

பதில்: உங்கள் மனசு சொல்வதையே கேளுங்கள். நான் குடியிருந்த ஏழாவது வீட்டில் இதே அலமாரி வித்தை நடந்தது. மூன்றாவது மாதம் அலமாரியைத் திறந்தால் என் பட்டுப் புடவையின் மடிப்பு ஓரமெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னபோது, “நீங்க வந்த பிறகுதாம்மா ஈரம்” என்றார். அலமாரியை நகர்த்திக் காட்டினேன். சுவரில் பழைய பெயின்டும் புதுப் பெயின்டும் சேர்ந்து அப்பளம்போல் உப்பியிருந்தன. விரலால் தட்டினால் உதிர்ந்தன. இரண்டு கோட்டுக்கும் நடுவில் கறுப்பாகப் பூஞ்சை. எங்களுக்கு முன்னாலிருந்தே அது அங்கே குடியிருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிப்போடுங்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எதைப் பூசினாலும் வீண். சமையலறை அலுமினியத் தாளை ஒரு முழம் அளவுக்கு வெட்டி, சுவரை நன்றாகத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் வைத்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். பிறகு பாருங்கள். அறைப் பக்கம் பார்த்த மேல்பரப்பில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால், அறைக்குள் இருக்கும் ஈரக் காற்று குளிர்ந்த சுவரில் படிகிறது. ஜன்னலைத் திறந்து வைப்பது, காற்றை வெளியேற்றும் ஃபேன் மாட்டுவது, அலமாரியைச் சுவரிலிருந்து 4 விரல் தள்ளிப் போடுவது, இவற்றிலேயே குறையும். உரித்துப் பார்த்தால் பின்பக்கம் நனைந்திருந்தால், தண்ணீர் சுவருக்குள்ளேயே இருக்கிறது. மேலே குளியலறையா, வெளியே மழைக்குழாய் உடைந்திருக்கிறதா, வெளிச்சுவரில் விரிசலா என்று தேடிப் போக வேண்டும்.

காரணத்தைச் சரிசெய்த பிறகு பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துப் புதுப் பூச்சு பூசினால், அதன் மேல் பெயின்ட் அடிக்க 4 வாரமாவது விடுங்கள். மேஸ்திரி ஒரு வாரம் போதும் என்பார். அவருக்கு அடுத்த வேலை காத்திருக்கிறது.

அதற்குள் ஆள் வந்துவிட்டால் திட்டை மறைக்காமல் காட்டி, “இது காய்ந்துகொண்டிருக்கிறது, இந்தத் தேதிக்குள் பெயின்ட் அடித்துத் தருகிறோம்” என்று எழுதிக் கொடுங்கள். என் அனுபவத்தில் இப்படிச் சொன்னதற்காக யாரும் வீடு வேண்டாம் என்று போனதில்லை. ஒருவர் வாடகையைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார், குறைத்தேன்.

கேள்வி: போன குடித்தனக்காரர் காலி செய்தபோது அட்வான்ஸில் பிடித்தம் செய்ததற்குப் பெரிய சண்டை. சுவரில் கறை, கதவில் கீறல் எல்லாம் முன்பே இருந்தது என்று சாதித்துவிட்டார். அடுத்தவரிடம் எப்படி முன்ஜாக்கிரதையாக இருப்பது?

பதில்: அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம், இல்லையா? உங்களுக்கே நினைவிருக்காது. அதற்குத்தான் படம். சாவி கைமாறும் நாளில், சாமான் இறங்குவதற்கு முன், அவரையும் கூட வைத்துக்கொண்டு வாசல் கதவில் ஆரம்பித்து ஒரே திசையில் சுற்றி வந்து எடுங்கள். ஒவ்வொரு அறையிலும் நாலு சுவர், தரை, கூரை. பிறகு அலமாரிகளின் உள்புறம், தொட்டிக்குக் கீழே, அடுப்பு மேடையின் விளிம்பு. டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் நேராகப் பார்க்கையில் தெரியாத கீறலும் பள்ளமும் நிழலோடு எழுந்து நிற்கும். மின்சாரம், தண்ணீர், கேஸ் மீட்டர் எண்கள் தெரியும்படி ஒவ்வொரு படம். எத்தனை சாவி கொடுத்தீர்கள் என்று சாவிகளைத் தரையில் பரப்பி ஒரு படம். எல்லாவற்றையும் அன்றே அவருக்கும் அனுப்பிவிடுங்கள். அப்போதுதான் தேதி பற்றிப் பேச்சு வராது. ஒரு தாளில் இருக்கிற குறைகளை எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி.

கூடவே ஒன்று. புழங்கினால் தேய்வதற்கும் உடைத்ததற்கும் வித்தியாசம் உண்டு. 5 வருஷம் இருந்தவர் போகும்போது படம் மாட்டியிருந்த இடத்தில் பெயின்ட் வெளுக்காமல் சதுரமாகத் தெரிந்தால், சுவிட்சைச் சுற்றிக் கைபட்டு மங்கியிருந்தால், அது தேய்மானம். அதற்கு அட்வான்ஸில் கை வைப்பது நியாயமே இல்லை. வாங்கிய வாடகை எதற்கு? கண்ணாடி உடைந்தது, கதவில் ஓட்டை விழுந்தது என்றால் அது வேறு கணக்கு. உங்கள் கடிதத்தில் ‘சுவரில் கறை’ என்று மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். அவர் எத்தனை வருஷம் இருந்தார் என்று எழுதவில்லை. எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

கேள்வி: பழைய சோபா, கட்டில், பிரிட்ஜ் இருக்கின்றன. வீட்டிலேயே விட்டுவிட்டால் வாடகை கூடுதலாகக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். ஆனால் விட்டுவைத்த பொருள் கெட்டால் ரிப்பேர் செய்ய வேண்டியவர் நீங்கள். ராத்திரி 10 மணிக்கு “பிரிட்ஜ் ஓடலை” என்று போன் வரும். உங்களுக்கு வைக்க இடமில்லை என்பதற்காக விட்டுப்போகிற சோபா வருபவருக்கும் இடைஞ்சல்தான். என் யோசனை: திரைச்சீலைக் கம்பிகள், விளக்குகள், ஃபேன், சுவரோடு உள்ள அலமாரிகள் போதும். திரைச்சீலை, பிளைண்டில் தொங்கும் கயிறு இருந்தால் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் கட்டிவிடுங்கள், அது கழுத்தில் சுற்றிக்கொள்ளும் சாமான். பால்கனிக் கம்பிகளையும் பாருங்கள், 10 செ.மீ. பந்து நுழைகிற இடைவெளியில் குழந்தையும் நுழையும்.

கேள்வி: ஒவ்வொரு தடவையும் வாசல் பூட்டை மாற்ற வேண்டுமா? டூப்ளிகேட் சாவி ஒன்று நான் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: முழுப் பூட்டையும் மாற்ற வேண்டாம். சாவி நுழைகிற உருளை மட்டும் தனியாகக் கழலும் வகை என்றால் கதவின் விளிம்பில் உள்ள ஒரு நீளத் திருகாணியைக் கழற்றினால் வந்துவிடும். அந்தத் திருகாணித் துளையிலிருந்து உள்பக்கம் எத்தனை மி.மீ., வெளிப்பக்கம் எத்தனை மி.மீ. என்று தனித்தனியாக அளந்து வாங்குங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்து வாங்கி நான் ஏமாந்திருக்கிறேன். பழைய ஆள் எத்தனை சாவி அடித்தார், வேலைக்கு வந்தவர்களில் யாரிடம் ஒன்று இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே மாற்றிவிடுங்கள்.

டூப்ளிகேட் வைத்துக்கொள்ளலாம், அவருக்குத் தெரிந்து. உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் அவரிடமே கையெழுத்து வாங்கி வையுங்கள். குழாய் உடைந்து வீடு மிதக்கிறது என்றால் தவிர அந்த உறை பிரியக் கூடாது. மற்றபடி போக வேண்டியிருந்தால் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, மணி அடித்துவிட்டு, வாசலில் நில்லுங்கள். எங்கள் மூன்றாவது வீட்டுக்காரர் நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது உள்ளே வந்து எலுமிச்சைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார். நல்ல எண்ணம்தான். அதற்கப்புறம் அந்த வீட்டில் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வரவில்லை.

கேள்வி: அப்பாவின் புத்தகங்களை ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு மீதி வீட்டை வாடகைக்கு விடலாம் என்று நினைக்கிறேன். என் வீட்டில் அவற்றுக்கு இடமில்லை.

பதில்: வேண்டாம். பூட்டிய அறையோடு ஒரு வீட்டில் 2 வருஷம் குடியிருந்திருக்கிறேன். பிள்ளைகள் கதவில் காதை வைத்துக் கேட்பார்கள், ராத்திரி அந்தப் பக்கம் தனியாகப் போகமாட்டார்கள். மழைக்காலம் முடிந்த சமயம் ஒரு நாள் கதவின் அடியிலிருந்து மண் கோடு ஒன்று ஏறி நிலைப்படியில் போய்க்கொண்டிருந்தது. கரையான். வீட்டுக்காரருக்குச் சொல்லியனுப்பி அவர் வந்து திறக்க 3 வாரம் ஆயிற்று. அலமாரியில் புத்தகங்கள் முதுகு முழுசாக, தங்க எழுத்தோடு வரிசையாக நின்றன. ஒன்றை இழுத்தார். அட்டை மட்டும் கையோடு வந்தது. உள்ளே மண்.

பூட்டிய அறையில் கசிந்தால் யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் குடியிருப்பவரால் திறக்க முடியாது. அப்புறம், அந்த அறையைச் சாக்கிட்டு நீங்கள் மாசம் ஒரு தடவை போய் நிற்பீர்கள். அவருக்கு அது வீடாகவே இருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து பிரியுங்கள். அப்பா ஓரத்தில் பென்சிலால் எழுதியவற்றை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். அவை இரண்டு பெட்டிக்கு மேல் வராது என்று நினைக்கிறேன். இரண்டு பெட்டிக்கு உங்கள் கட்டிலுக்கு அடியில் இடம் இருக்கும். மற்றவற்றை நூலகத்தில் வாங்கிக்கொள்வார்களா என்று முன்கூட்டிப் போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். எடுத்துப் போன பிறகு வேண்டாம் என்றால் ஆட்டோவில் திரும்பக் கொண்டு வருவது பெரிய வேதனை.